512 லிட்டர் பகை

அத்தியாயம் 7

முதல் செருப்பு என் தோளில் விழுந்தது. இரண்டாவது அக்காவைக் குறிவைத்து வந்தது. அவள் குனிந்துகொண்டதால் அதுவும் என் மேலேயே விழுந்தது.

"ஜோடி சேர்ந்துடுச்சுக்கா," என்றேன். "ஆனா நம்ம சைஸ் இல்ல."

"வாயை மூடிட்டு உள்ள நட," என்றாள் அக்கா.

சாயப்பட்டறை கேட்டுக்கு முன்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் இங்கே துணி ஏற்றும், இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கும் லோடரின் சொந்தக்காரர்கள். செருப்பு வீசியவன் அவன் மச்சான். "கண்ணைப் பொசுக்கினவளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாங்கடா ரெண்டு பேரு!" என்று அவன் கத்த, கூட்டம் எங்கள் ஸ்கூட்டரை ஒரு உதை உதைத்தது. அது என் ஸ்கூட்டர். அக்கா துப்பறிகிறாள், அடி மட்டும் எனக்கும் என் வண்டிக்கும். இந்தத் தொழிலில் சேர்ந்த நாள் முதல் இதே பங்கீடுதான்.

முந்தாநாள் காலை பத்தே காலுக்கு நடந்தது இது. ஆறாம் நம்பர் சாய மிஷினில் இரண்டு லிட்டர் ஆசிட் விழவேண்டிய இடத்தில் ஒரு முழுப் பீப்பாய் ஆசிட் விழுந்தது. பொங்கி, மூடி வழியே வெளியே பாய்ந்தது. கீழே நின்று துணி ஏற்றிக்கொண்டிருந்த லோடரின் வலது கை வெந்துவிட்டது. கை தேறிவிடுமாம். வலது கண்ணைப் பற்றிக் கேட்டால் டாக்டர்கள் வேறு பேச்சுப் பேசுகிறார்கள்.

அப்போது மிஷினை ஓட்டியவள் ஒரு பெண் ஆபரேட்டர். இந்த மாதம் ஆறாம் மிஷினில் அவளுக்கு அதுதான் முதல் நாள். எதற்கெடுத்தாலும் விதிப் புத்தகத்தைக் காட்டுவதால் பட்டறையே அவளுக்கு 'ரூல்ஸ்' என்று பெயர் வைத்திருந்தது. அன்று காலைதான் அவள் லோடரிடம், "கண்ணாடி போடுடா, இல்லேன்னா ஒரு நாள் கண்ணு போயிடும்" என்று கத்தியிருக்கிறாள். பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்று நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார், கொலை முயற்சி என்று. இப்போது மணி ஒன்றரை.

எங்களைக் கூப்பிட்டவர் அவள் புருஷன். அதே பட்டறையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் போர்மேன். கேட்டுக்குப் பின்னால் எங்களுக்காகக் காத்திருந்தவர், பார்த்த உடனே குரலைத் தாழ்த்தினார்.

"சுருட்டைன்னு ஒரு ஆபரேட்டர் இருக்கான். அவனுக்கும் இவளுக்கும் ஆகவே ஆகாது. அவன்தான் ஏதோ பண்ணியிருக்கான். அவனைப் பிடிங்க."

"ஸ்டேஷன்ல உங்க மனைவியைப் பார்த்தீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"மாத்துத் துணி கொண்டுபோனேன்."

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"கான்ஸ்டபிள்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். உள்ள விடமாட்டாங்கன்னு..."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டாள். அவள் கண்ணாடியை ஏற்றினால் யாருக்கோ சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே மேனேஜர் இடுப்பில் கைவைத்து நின்றார். "பத்து நிமிஷம். எதையும் தொடக்கூடாது. யார்கிட்டயும் பேசக்கூடாது."

"மூச்சு விடலாமா சார்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் துணிக்குச் சாயமே ஏற்றியிருக்கலாம். ஒரு காகிதத்தை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். பம்ப் தானாகவே அச்சடித்த பதிவு. ஆறாம் மிஷின், பத்து பதினாலு, ஆசிட், வந்த ஆர்டர்: 512 லிட்டர்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? காலையில சண்டை. ஆத்திரத்துல 512ன்னு அடிச்சிட்டா. பீப்பாய்ல இருந்ததே இருநூறு. இருந்திருந்தா மொத்தமும் கொட்டியிருக்கும்."

ஆறாம் மிஷின் ஆளுயர இரும்பு உருளை. பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு சின்ன ஸ்க்ரீன், கீழே ஒன்பது எண்ணுக் கட்டைகள், பூஜ்யம், ஒரு கார்டு சொருகும் துவாரம். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரல்களைக் கட்டைகள்மேல் தொடாமல் நிறுத்தினாள்.

"இருபது வருஷம் கோர்ட்டுல டைப் அடிச்சவ நான்," என்றாள். "விரல் எப்படித் தப்பு பண்ணும்னு எனக்குத் தெரியும். ரெண்டு அடிக்கப் போனவ தடுமாறினா 22 விழும். பக்கத்துக் கட்டையில பட்டு ஒண்ணோ மூணோ விழும். பூஜ்யம் ஒட்டிக்கிட்டு 20 ஆகும், 200 ஆகும். 512 எப்படி சார் விழும்?"

"தப்பா அடிக்கலை. வேணும்னே அடிச்சா."

"ஆளை வேக வைக்கணும்னு நெனைச்சா 999 அடிச்சிருப்பா. ஆத்திரம் வந்தா விரல் ஒன்பதுக்குத்தான் போகும். 512ன்னு யோசிச்சு அடிக்கிறதுக்குப் பேரு ஆத்திரமா?"

மேனேஜர் காகிதத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார்.

எனக்குச் சுரீர் என்றது. 512. துப்பறிய வருவதற்கு முன் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து ஓட்டாண்டி ஆனவன். அந்தத் தொழிலில் 256, 512, 1024 எல்லாம் சொந்தத் தெருவின் வீட்டு எண்கள் மாதிரி. மனிதனின் கை பத்துப் பத்தாகத் தப்புச் செய்யும். சிப்புதான் இரண்டிரண்டாகப் பெருக்கித் தப்புச் செய்யும். அக்காவின் காதில் சொல்லப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போலீஸ்ல அவங்க சொன்னது என்ன?" என்று போர்மேனைக் கேட்டாள்.

போர்மேன் தரையைப் பார்த்தார். பதில் மேனேஜரிடமிருந்து வந்தது. "ஒரே பாட்டுதான். 'நான் எதையும் அடிக்கலை, விதிப்படி கார்டைப் போட்டேன், ஸ்க்ரீன்ல ரெண்டுன்னு வந்துச்சு.' ஒவ்வொரு கலருக்கும் எவ்வளவு ஆசிட், எவ்வளவு உப்புன்னு கார்டுல பதிஞ்சு வெச்சிருக்கோம். கார்டைப் போட்டா மிஷினே படிச்சுக்கும். கார்டையும் பார்த்துட்டோம், ரெண்டுன்னுதான் இருக்கு. ஸ்க்ரீன் ரெண்டுன்னு சொல்லி, பம்ப்புக்கு 512 போகுமா? அவ பொய் சொல்றா, இல்ல பம்ப் பொய் சொல்லுது. பம்ப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"ரெண்டு பேருமே உண்மை சொன்னா?"

"அது எப்படிம்மா?"

அக்கா பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலர் பெயரும் எண்ணும் பேனாவால் எழுதியவை. 'சாம்பல், ஆசிட் 2.' 'நீலம், ஆசிட் 3.' மூன்று விதக் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் தேதி. அக்கா ஒவ்வொரு கையெழுத்திலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த, முதலில் எழுதிய சீட்டை உருவினாள். மூன்றிலும் ஒரே தேதி. இந்த மாதம் நாலாம் தேதி.

"என்ன, என் கையெழுத்தை மோந்து பார்க்கிறீங்களா?"

பின்னால் ஒரு குரல். திரும்பினேன். கதவளவு அகலம், தலை முழுக்கச் சுருட்டை முடி. அறிமுகம் தேவைப்படவில்லை.

"கார்டு இருக்கும்போது எதுக்குச் சீட்டு எழுதிக் கையால அடிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"எங்க இஷ்டம்."

"மூணு ஆபரேட்டருக்கும் ஒரே நாள்ல ஒரே இஷ்டம் வந்துச்சா?"

சுருட்டையின் கழுத்து நரம்பு புடைத்தது. "இங்க பாருங்க. அந்தப் பொம்பளை என்மேல மூணு தடவை புகார் எழுதிக் குடுத்தவ. கையுறை போடலைன்னு ஒண்ணு, அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு ஒண்ணு. அவ ஜெயிலுக்குப் போனா நான் அழமாட்டேன். ஆனா நான் எதுவும் பண்ணலை. கார்டு போடக்..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தி, எங்களைத் தாண்டிப் போர்மேனைப் பார்த்தான்.

"கார்டு போடக்?" என்று எடுத்துக்கொடுத்தேன். "வெட்கப்படாம சொல்லுங்க."

என் சட்டைக் காலர் அவன் கைக்குள் போனது. என் கால் தரையில் இல்லை. "இன்னொரு வார்த்தை பேசினே, உன்னை இந்த மிஷின்ல போட்டு நீலமா எடுத்துடுவேன்."

"சிவப்பு எனக்கு எடுப்பா இருக்கும்," என்றேன், மூச்சு இருந்தவரை.

"பார்த்தீங்களா, எப்படி முழிக்கிறான்னு!" என்று போர்மேன் பாய்ந்தார். "அவனை விடாதீங்க!"

"கையை எடுப்பா," என்றாள் அக்கா சுருட்டையிடம். சத்தம் போடவில்லை. இருபது வருடம் நீதிபதிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளின் குரல். அவன் கையை எடுத்துவிட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். "டேய், காதுல ஏதோ சொல்ல வந்தியே. சொல்லாதே. செஞ்சு காட்டு."

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பம்ப் பெட்டியின் பின்பக்கம் போனேன். மேனேஜர் குறுக்கே வந்தார். "தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல!"

"இப்ப எங்க முன்னாடி திறக்கலாம்," என்றாள் அக்கா. "இல்ல, நாளைக்குக் கோர்ட்டு ஆணையோட வந்து ஊர் முன்னாடி திறக்கலாம். உங்க இஷ்டம்."

"அதுல பார்க்க ஒண்ணுமே இல்லம்மா," என்றார் போர்மேன். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "ஒரு வருஷமா அதை யாரும் திறக்கவே இல்ல."

திறந்தேன். உள்ளே கம்பிமேல், தட்டின்மேல், திருகின்மேல் எல்லாம் விரல் கனத்துக்குச் சாயத்தூள் படிந்திருந்தது. நடுவில் சிப் பொருத்திய ஒரே ஒரு போர்டு மட்டும் பளபளவென்று கழுவின தட்டு மாதிரி இருந்தது. ஓரத்தில் கடைக்காரனின் ஸ்டிக்கர். இந்த மாதம் மூன்றாம் தேதி.

"ஒரு வருஷமா யாரும் திறக்கலையாம்," என்றேன். "தூசி மட்டும் மரியாதை தெரிஞ்ச தூசி போல. புது போர்டுமேல உட்காரலை."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "போர்டு மாத்தினதா? எனக்கு யாரும் சொல்லலையே! பதிவேட்டுல ஒண்ணும் இல்லையே!"

நான் சிப்பின் எண்ணைப் படித்தேன். பிறகு முன்பக்கம் போய் ஸ்க்ரீன் பெட்டியைத் திறந்து அங்கிருந்த சிப்பையும் படித்தேன். சந்தேகமே இல்லை.

"இந்த மிஷினுக்கு ரெண்டு மூளை சார். ஸ்க்ரீனுக்கு ஒண்ணு, பம்ப்புக்கு ஒண்ணு. ரெண்டும் முன்னாடி ஒரே குடும்பம். பம்ப்போட மூளை செத்துப்போயிருக்கு. அந்தக் குடும்பத்துச் சிப் இப்ப கிடைக்கிறதில்ல. வேற குடும்பத்துச் சிப் போட்ட போர்டை வாங்கி மாட்டியிருக்காங்க. அதே அளவு, அதே பிளக். வீட்டையும் வாசலையும் பார்த்துப் பொண்ணு குடுத்த கதைதான். மாப்பிள்ளை எப்படிப்பட்டவன்னு யாரும் விசாரிக்கலை."

"பிளக் சேர்ந்தா வேலை செய்ய வேண்டியதுதானே?" என்றார் மேனேஜர்.

"அங்கதான் சார் லோடர் கண்ணு போச்சு." என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "சிப் எண்ணைச் சின்னச் சின்னப் பெட்டியிலதான் வெக்கும். ஒரு பெட்டியில 255 வரைக்கும்தான் கொள்ளும். அதுக்கு மேல போனா பக்கத்துல ஒரு பெரிய பெட்டி. அதுல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் மதிப்பு 256. இப்ப ரெண்டு லிட்டர்னா? பெரிய பெட்டியில பூஜ்யம், சின்னப் பெட்டியில ரெண்டு. ஸ்க்ரீன்ல இருக்கிற பழைய சிப் பெரிய பெட்டியை முதல்ல அனுப்பும். பூஜ்யம், அப்புறம் ரெண்டு. பம்ப்புல இருக்கிற புதுச் சிப்புக்குப் பழக்கம் வேற. முதல்ல வர்றது சின்னப் பெட்டின்னு எடுத்துக்கும். சின்னதுல பூஜ்யம், பெரியதுல ரெண்டு. ரெண்டு தடவை 256 எவ்வளவு?"

மேனேஜர் போனில் தட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "ஐந்நூத்திப் பன்னெண்டு."

"கோர்ட்டுல ஒரு தடவை நடந்துச்சு," என்றாள் அக்கா. "ஒரு வக்கீல் தேதியில நாளை முன்னாடி எழுதுவார். இன்னொருத்தர் மாசத்தை முன்னாடி எழுதுவார். மார்ச் ஏழாம் தேதி கேஸ் ஜூலை மூணாம் தேதிக்குப் போயிடுச்சு. ரெண்டு பேரும் அவங்கவங்க முறைப்படி சரியாத்தான் எழுதினாங்க. உள்ள இருந்தவன் நாலு மாசம் சும்மா இருந்தான்."

"கையால அடிச்சா மட்டும் ஏன் சரியா வருது?" சுருட்டை கேட்டான். சண்டைக் குரல் காணாமல் போயிருந்தது.

"கையால அடிச்சா ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியா போகும். ஒரு இலக்கத்துக்கு ஒரு பெட்டிதான். முன்ன பின்ன மாறுறதுக்கே வழியில்ல. கார்டுல இருந்து போனாத்தான் எண் முழுசா ரெண்டு பெட்டியா போகும்."

ஆசிட் குழாயைக் கழற்றிவிட்டு, ரூல்ஸ் போட்ட அதே கார்டைச் சொருகினேன். ஸ்க்ரீனில் 2 என்று வந்தது. பம்ப் வெறும் காற்றைக் குடித்துக்கொண்டு ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. பதிவு இயந்திரம் கிர்ரென்று ஒரு காகிதத்தைத் துப்பியது. ஆர்டர்: 512 லிட்டர். மேனேஜர் அதைக் கிழித்து எடுத்தார்.

"அவ உண்மையைத்தான் சொல்லியிருக்கா," என்றார். "இந்தப் பட்டறையில விதிப்படி கார்டு போட்ட ஒரே ஆள் அவதான்."

"அதனாலதான் மாட்டிக்கிட்டாங்க," என்றாள் அக்கா. "மூணாம் தேதி போர்டு வந்திருக்கு. நாலாம் தேதியிலிருந்து மூணு பேரு கார்டைத் தொடலை. யாரோ மூணு பேருக்கும் வாயால சொல்லியிருக்காங்க. நாலாவது ஆளுக்குச் சொல்லலை." அவள் சுருட்டைக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவள் உயரம் அவன் சட்டைப் பைவரைதான். "யார் சொன்னது?"

சுருட்டை போர்மேன் நின்ற இடத்தைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. வெளியே ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"போர்மேன்தான்," என்றான் சுருட்டை. "'கார்டு போடாதீங்க, பம்ப் நிக்க மாட்டேங்குது, நான் சரி பண்றவரைக்கும் கையால அடிங்க, மேல யாருக்கும் சொல்ல வேண்டாம்'னார். எங்க மூணு பேர்கிட்டயும் தனித்தனியாச் சொன்னார்."

"ரூல்ஸ்கிட்ட நீங்க ஏன் சொல்லலை? மூணு புகாருக்குப் பழியா?"

"இல்லக்கா!" அவன் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு சின்ன அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை. "அவரு பொண்டாட்டிக்கா அது. ஒரே வீட்டுல இருக்காங்க. அவரே சொல்லியிருப்பாருன்னு நெனைச்சேன். வேற என்ன நெனைப்பேன்? நாங்க மூணு பேரும் அப்படித்தான் நெனைச்சோம்."

எங்களைக் கூட்டிவந்து, சுருட்டையைக் கை காட்டி, "அவனைப் பிடிங்க, விடாதீங்க" என்று குதித்தவன்! வேலியே பயிரை மேய்ந்ததுமில்லாமல், பக்கத்து வீட்டு ஆட்டைக் கட்டிப்போடச் சொல்லியிருக்கிறது. "ஓடிட்டான்க்கா. பஸ் ஸ்டாண்டுல மடக்கலாம் வா."

"ஓடலை," என்றாள் அக்கா. "ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பான். நேத்துலேர்ந்து அங்கேயும் இங்கேயுமாத்தான் அல்லாடுறான். உள்ள போகத்தான் கால் வரலை."

அவள் சொன்னது சரி. போர்மேன் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணி மூன்று நாற்பது. ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து எழுப்பினாள், உள்ளே நடத்திப் போனாள். மேனேஜரும் சுருட்டையும் பின்னால் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் பேனாவை மேஜைமேல் எறிந்தார். "வந்துட்டீங்களா? எல்லாம் முடிஞ்சுது. வெளிய போங்க."

மேஜைக்கு எதிரே ரூல்ஸ் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். நேற்றைய யூனிபார்ம், கழுத்து பட்டன் வரை போட்டிருந்தாள். மாற்றுத் துணிப் பை பிரிக்கப்படாமல் காலடியில் கிடந்தது. புருஷன் உள்ளே வந்ததை அவள் பார்த்தாள். சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

மேனேஜர் இரண்டு காகிதத்தையும் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னார். இரண்டு மூளை, இரண்டு பெட்டி, 512. இன்ஸ்பெக்டருக்குப் பாதி புரிந்தது. மீதிக்குக் கோபம் வந்தது.

"சரி, மிஷின் தப்பு. அப்போ நான் மிஷினையா லாக்கப்ல போடறது?"

"மிஷினுக்குத் தெரியாம நடந்துச்சு சார்," என்றாள் அக்கா. "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்." அவள் போர்மேன் பக்கம் திரும்பினாள். "கார்டைப் போட்டா பம்ப் நிக்காதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எனக்குத் தெரியாதும்மா."

சுருட்டை ஒரு அடி முன்னால் வந்தான். அவ்வளவுதான் செய்தான். போர்மேன் உதட்டை நக்கிக்கொண்டார்.

"மூணாம் தேதியே தெரியும். தண்ணி வெச்சு ஓட்டிப் பார்த்தேன். நிக்கலை. காலையில மிஷின் ஓடணும், அனுமதி வாங்கி மாத்தறதுன்னா ஒரு வாரம் ஆகும். ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்னு... வாயால சொல்லிட்டேன்."

"மூணு பேருக்குச் சொன்னீங்க. இவங்களுக்கு?"

போர்மேன் சட்டைப் பித்தானைத் திருகினார்.

"உங்க மனைவிகிட்ட நீங்க கடைசியாப் பேசினது எப்போ?"

ரூல்ஸ் அவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசம் ஆச்சு," என்றார் போர்மேன். "கரண்டை நிறுத்தாம நான் ஒரு பெட்டியைத் திறந்தேன்னு இவ எழுதிக் குடுத்துட்டா. கட்டின புருஷனை! எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு. பட்டறையே சிரிச்சுது. அன்னியோட பேச்சு நின்னுது. ஏதாவது சொல்லணும்னா பையன்கிட்ட சொல்லி அனுப்புவோம். அவன் அந்த வாரம் ஸ்கூல் டூர் போயிருந்தான்." அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தினமும் சொல்லணும்னு நெனைச்சேன். சாப்பிடும்போது எதிர்லதான் இருப்பா. நானா முதல்ல பேசறதான்னு..."

"அதுக்கு என்னை ஏன்யா கை காட்டினே?" என்றான் சுருட்டை.

"இவ வெளிய வரணும். நானும் மாட்டக்கூடாது. உன்மேல போனா போகட்டும்னு நெனைச்சேன்."

சுருட்டை கையை ஓங்கினான். இன்ஸ்பெக்டர் எழுந்தார். நான் நடுவில் போனேன். அடி எனக்குத்தான் விழுந்தது. சொன்னேனே, பங்கீடு.

அமளி அடங்கியதும் இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத்தாளைப் போர்மேன் முன் தள்ளினார். "எல்லாத்தையும் எழுது. கையெழுத்துப் போடு." பிறகு ரூல்ஸைப் பார்த்து, முதல் தடவையாக மரியாதையாக, "நீங்க போகலாம்மா," என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"லோடருக்குக் கண்ணு?" என்று அக்காவைக் கேட்டாள்.

"இன்னும் தெரியலைம்மா."

அவள் தலையாட்டினாள். நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டு, புருஷன் எழுதுவதை எதிரிலிருந்து தலைகீழாகவே படிக்க ஆரம்பித்தாள். அவர் பேனா மெதுவாக நகர்ந்தது. மூன்றாம் தேதி போர்டு மாற்றினேன். தண்ணீர் வைத்துப் பார்த்தேன். மூன்று ஆபரேட்டர்களிடம் சொன்னேன். பேனா நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், குனிந்தார், எழுதினார்: 'என் மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.'

அவள் விரலை நீட்டி அந்த வரியின்மேல் வைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"மறக்கலை. அதை அடிச்சுட்டு 'சொல்லவில்லை'ன்னு எழுதுங்க."